குரல் சிறுத்த கதை: பார்க்கின்சன் நோயின் இருநூறு ஆண்டுகள்



ஏப்பிரல் 11ஆம் திகதி உலகப் பார்க்கின்சன் தினம். அதையொட்டி எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் நான் பேசியதை, நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன். நான் வைத்தியர் இல்லை. இந்த நோயோடு பல வருடங்கள் வாழ்ந்த ஒருவரின் மகள். அவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்வதற்காக வாசிக்கத் தொடங்கி, அந்த நோயின் வரலாற்றுக்குள் போய்விட்டேன். மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: வீட்டில் ஒரு வயதானவர் வாய் திறந்து கதைக்காமல், முகம் இறுகி இருந்தால், நாங்கள் உடனே அதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துவிடுகிறோம். அந்தக் காரணம் பிழையாக இருக்கலாம்.

சங்கக்கடைக் குரல்

என்னுடைய அப்பா ஊரில் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். கூப்பன் சாமானுக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பெயர் கூப்பிடுவார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தடியில் அந்த இருட்டுக்கும் மழைக்கும் சனநெரிசலுக்கும் நடுவே எங்களைச் சிதறிப் போகாமல் வைத்திருந்தது அந்தக் குரல்தான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்.

1997இல் அப்பாவும் அம்மாவும் ரொறன்ரோவுக்கு என்னிடம் வந்து சேர்ந்தார்கள். நாலைந்து வருடங்களில் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "வாய்க்குள்ளை கதையாதையுங்கோ" என்று அம்மா சத்தம் போடுவா. அப்பாவோ, "நான் சத்தமாத்தானே கதைக்கிறன், உமக்குத்தான் காது கேக்கேல்லை" என்பார். நாங்களும் அதை நம்பி அம்மாவைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை.

பிறகு முகம். பகிடி சொன்னாலும் சிரிப்பு வராது. என்னுடைய சின்னவன் ஒருநாள், "அம்மப்பாவுக்கு என்னிலை கோவமா?" என்று கேட்டான். இல்லையடா, அம்மப்பாவுக்கு ஊர் யோசினை என்று சொன்னேன். வீடு போனது, காணி போனது, பழகிய சனம் போனது. எங்கள் எல்லோரிடமும் தயாராக இருந்த விளக்கம் அது. குடும்ப வைத்தியரிடமும் அதையேதான் சொன்னோம். அவரும் அதைக் கேட்டு மனச்சோர்வுக்கு மருந்து தந்தார்.

2002இல் சமாதான காலம் வந்து, யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பது இலகுவானது. அப்பாவின் ஒரே தங்கை, என்னுடைய மாமி, ஊரிலேயே இருந்தா. ஒவ்வொரு முறையும் அப்பா ரிசீவரைப் பிடித்தபடி ஏதோ முணுமுணுப்பார். மறுபக்கத்தில் மாமிக்கு ஒன்றும் கேட்காது. பிறகு நான் வாங்கிக் கதைப்பேன். அந்த நேரம் ஊர்க்காணிக்கு அற்றோனித் தத்துவம் எழுதுகிற ஒரு அலுவலும் நடந்துகொண்டிருந்தது. அண்ணா தன்னோடு கதைக்க விரும்பவில்லை, காணி விஷயத்தில் மனம் நொந்துவிட்டார் என்று மாமி தனக்குள் முடிவு கட்டிவிட்டா. மூன்று வருடம் அப்படியே போனது.

2005இல் ஒரு கலியாண வீட்டில், தாதியாக வேலை செய்யும் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி அப்பா நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "மாமா, நடக்கேக்கை உங்கடை வலக்கை ஏன் வீசுப்படேல்லை?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் எங்களை நரம்பியல் வைத்தியரிடம் கொண்டுபோனது. அவர் அப்பாவைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார். ஒரு வசனம் எழுதச் சொன்னார். அப்பா தமிழில் எழுதினார். வைத்தியருக்கு அது வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டு போவதை அவர் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

கை நடுங்கவே இல்லையே, இது எப்படிப் பார்க்கின்சன் ஆகும் என்று கேட்டேன். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை என்றார் அவர். ஒரு ஆளை நடக்கவிட்டே நோயைக் கண்டுபிடிக்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடப் போனபோதுதான் இந்தக் கதை தொடங்கியது.

வீதியில் கண்ட மூவர்

லண்டன் மாநகரின் ஹொக்ஸ்டன் பகுதியில் 1755ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி பிறந்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். தகப்பனைப் போலவே அவரும் அங்கே வைத்தியம் பார்த்தார். ஏழைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்ட லண்டன் சங்கமொன்றில் சேர்ந்து, 'கிழட்டு ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் அரசாங்கத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவர். 1794இல், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை நஞ்சு தோய்த்த அம்பால் கொல்லச் சதி நடந்ததாகச் சிலர் கைதானபோது, இவரும் கோமறைக் கழகத்தின் முன் விசாரிக்கப்பட்டார். ஆபத்தில்லாமல் தப்பினார். பிற்காலத்தில் கற்களில் பதிந்த பழைய உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து மூன்று பாகங்களில் ஒரு பெரிய நூலும் எழுதினார்.

1817இல், தமது 62ஆவது வயதில், 'நடுக்குவாதம் பற்றிய கட்டுரை' என்று தமிழில் சொல்லக்கூடிய 66 பக்கச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் வரும் நோயாளிகள் மொத்தம் ஆறு பேர்தான். அவர்களிலும் மூவர் வீதியில் கண்டவர்கள். ஒருவரைத் தூரத்தில் வைத்துப் பார்த்தது மட்டுமே. ஸ்கானும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. மனிதர் எப்படி நடக்கிறார், எப்படிக் குனிகிறார், எப்படி நிற்க முடியாமல் முன்னுக்கு ஓடுகிறார் என்று கவனமாகப் பார்த்த கண்கள்தான் அவரது கருவி.

ஓய்வாக இருக்கும் கையில் நடுக்கம், முன்னோக்கி வளையும் உடம்பு, அடியெடுத்து வைக்கும்போது தானாக வேகமெடுக்கும் நடை ஆகியவற்றை அவர் விவரித்தார். நோய் முற்றிய கட்டத்தில் சொற்கள் விளங்காமற் போவதையும், விழுங்குவது கடினமாவதையும், வாயிலிருந்து உமிழ்நீர் வடிவதையும் குறித்து வைத்தார். அந்த நோயாளிகளின் புலன்களும் அறிவும் கெடவில்லை என்றும் எழுதினார். பிற்காலத்தில் சிலருக்கு நினைவாற்றலும் பாதிக்கப்படும் என்று இன்று அறிந்திருக்கிறோம். ஆயினும், வாய் பேச முடியாத ஒருவருக்கு உள்ளே அறிவு தெளிவாக இருக்கலாம் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது பெரிய விஷயம்.

பார்க்கின்சன் 1824இல் காலமானார். இந்த நோய்க்குத் தமது பெயர் வரப்போவது அவருக்குத் தெரியாது.

பெயர் வைத்த பாரிஸ் பேராசிரியர்

அந்தப் பெயரை வைத்தவர் பாரிசில் இருந்த ஜோன் மார்டின் ஷார்கோ. அவர் பணியாற்றிய சல்பெட்ரியர், ஒருகாலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையாக இருந்த இடம். பின்னர் ஏழைப் பெண்களும் ஆதரவற்ற முதியவர்களும் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் பெற்ற பெரிய வைத்தியசாலையாகியது. அங்கே ஷார்கோ 1860களிலிருந்து இந்த நோயாளிகளை வருடக்கணக்காகப் பார்த்து வந்தார்.

இவர்களின் தசைகள் வலுவிழக்கவில்லை, ஆகவே வாதம் என்ற சொல் பொருந்தாது என்று அவர் கண்டார். நடுக்கம் எல்லோருக்கும் இருப்பதில்லை, ஆகவே நடுக்கு என்ற சொல்லும் பொருந்தாது. உடம்பு இறுகுவது ஒன்று. அசைவு மெதுவாவது அதிலிருந்து வேறானது. முகம் முகமூடி போட்டதுபோல அசைவற்றுப் போகிறது. கையெழுத்து மாறுகிறது. ஆகவே பழைய பெயரை விட்டுவிட்டுப் பார்க்கின்சனின் பெயரால் அழைப்போம் என்றார்.

நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும் என்று பாரிசில் ஒருவர் சொல்லி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் இருந்துகொண்டு, கை நடுங்கவில்லையே, இது ஊர் யோசினைதான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூளைக்குள் கறுத்த பகுதி

நோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1912இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் லூவி என்ற யூத வைத்தியர், இறந்த நோயாளிகளின் மூளைக் கலங்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். 1919இல் பாரிசில் படித்த ரஷ்யரான கொன்ஸ்டன்ரின் திரெத்தியாக்கொவ், மூளையின் நடுத்தண்டில் கறுப்பாகத் தெரியும் சிறிய பகுதியில் கலங்கள் அழிந்து, அந்த இடம் வெளிறிப் போயிருப்பதைக் காட்டினார். கலங்களில் இருந்த படிவுகளுக்கு லூவியின் பெயரையே வைத்தார். அந்தப் படிவுகள் அல்பா சினூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்பது 1997இல்தான் தெரியவந்தது.

அந்தக் கறுத்த பகுதி என்ன செய்கிறது என்பதை அறிய எங்கள் பக்கத்து மூலிகை ஒன்று உதவியது. இந்தியாவில் நெடுங்காலமாகப் பாவனையில் இருந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி 1957இல் அதை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு லெவோடோபா என்ற பொருளை ஊசி மூலம் ஏற்ற, அவை எழுந்து நடமாடின. லெவோடோபா மூளைக்குள் டோப்பமினாக மாறுகிறது. அசைவுக்கு அந்த டோப்பமின் தேவை என்று அவர் காட்டினார். இதற்காக 2000ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த லெவோடோபாவுக்கும் எங்கள் மண்ணில் ஒரு உறவு உண்டு. பூனைக்காலி விதை பலருக்கும் தெரியும். உடம்பில் பட்டால் சொறிவைக்கும் காய். அந்த விதையில் லெவோடோபா நிறைய இருக்கிறது. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து, பிரித்தானிய உயிர்வேதியியல் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இதைச் சொன்னவுடன் வானொலிக்கு அழைத்துப் பூனைக்காலித் தூள் எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வைத்தியரிடம் கேட்காமல் குளிசையோடு சேர்த்து எடுக்காதீர்கள். உள்ளே போவது அதே மருந்துதான், அளவு தெரியாமல் போகும்.

வியன்னாவில் எழுந்து நடந்தவர்கள்

1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச் என்ற இளம் விஞ்ஞானி, தம்முடன் பணியாற்றிய ஏரிங்கருடன் சேர்ந்து, பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளைப் பரிசோதித்தார். அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளில் டோப்பமின் மிகக் குறைந்திருந்தது. அப்படியானால் இல்லாததைக் கொடுத்துப் பார்ப்போம் என்று 1961இல் வால்தர் பேர்க்மயர் என்ற வைத்தியரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி ஏற்றினார். படுக்கையில் எழும்பி இருக்க முடியாதவர்கள் எழுந்தார்கள். நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள். சத்தமில்லாமல் குழறிக் கதைத்தவர்களின் பேச்சு பலத்தோடும் தெளிவோடும் வெளிவந்தது என்றும் அவர்கள் பதிவு செய்தார்கள். அதன் பலன் சில மணி நேரந்தான்.

அதை நாளாந்த மருந்தாக்கியவர் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ். சிறிய அளவில் தொடங்கி மெதுமெதுவாகக் கூட்டி, வாயால் உட்கொள்ளக் கொடுக்கலாம் என்று 1967இல் காட்டினார். 1969இல் நியூயோர்க்கில் ஒலிவர் சாக்ஸ் என்ற வைத்தியர், முதலாம் உலகப் போர்க் காலத்தில் பரவிய ஒருவகை மூளைக் காய்ச்சலின் பின் பல பத்தாண்டுகளாக அசையாமல் இருந்தவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தார். பலர் விழித்தெழுந்தார்கள். ஆனால் மருந்தின் பக்கவிளைவுகளும் கடுமையாக வந்தன. 1990இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்று அந்தக் கதையைச் சொல்கிறது.

இந்த வரலாற்றை வாசித்தபோது ஒன்று என் மனதில் பட்டது. லூவி 1933இல் நாஜிகளுக்குத் தப்பி ஜேர்மனியை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் பெயரின் எழுத்துகளையே மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். கொட்சியாஸ், ஜேர்மனியப் படை கிரேக்கத்தைப் பிடித்தபோது 1941இல் குடும்பத்தோடு நாட்டை விட்டு வந்தவர். ஹோர்னிகீவிச், இன்று உக்ரேனில் இருக்கும் லிவிவ் நகருக்கு அருகில் பிறந்து, உலகப் போர் தொடங்கியபின் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போன சிறுவன். 1960களின் பிற்பகுதியில் அவர் எங்கள் ரொறன்ரோவுக்கே வந்து பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 2020இல் காலமானார். அப்பா தினமும் விழுங்கிய குளிசைக்குப் பின்னால் இப்படி ஊர் விட்டு ஊர் போனவர்கள் பலர் இருந்தார்கள்.

குரல் ஏன் மருந்துக்கு முழுமையாகக் கேட்பதில்லை

குளிசை தொடங்கிய சில வாரங்களில் அப்பாவின் நடை நன்றாகத் திருந்தியது. கைகள் இலகுவாயின. புரத உணவு அந்த மருந்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுக்கப் பழகினோம். ஆனால் குரல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. எங்களுக்கு மட்டும் நடந்தது அல்ல இது. வியன்னாவில் முதல் ஊசியின்போது அதிசயம் போல வந்த குரல், வருடக்கணக்கில் மருந்து எடுப்பவர்களிடம் கைகால் அளவுக்குத் திருந்துவதில்லை. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனபிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கி வைத்த மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் முறையும் அப்படித்தான். நடுக்கமும் இறுக்கமும் குறையும். பேச்சு திருந்தாமல் இருக்கலாம், சிலருக்கு மோசமாகவும் ஆகலாம்.

காரணத்தை எங்கள் பேச்சுச் சிகிச்சையாளர் இப்படி விளக்கினார். நடப்பதும் எழுதுவதும் கதைப்பதும் நாங்கள் யோசிக்காமல் செய்கிற வேலைகள். அந்த அசைவுகள் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அளவு வைப்பது மூளையின் உள்பகுதி. டோப்பமின் குறையும்போது அந்த அளவுகோல் சுருங்கிவிடுகிறது. அடி சிறிதாகிறது, எழுத்து சிறிதாகிறது, கண் சிமிட்டுவது குறைகிறது. கதைக்கும்போது நெஞ்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் சிறிதாகவே அசைகின்றன. குரல் தாழ்ந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், சில நேரம் அவசரமாக ஓடுகிறது. 1969இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் டார்லி, அரன்சன், பிரவுண் என்ற மூவர் நரம்பு நோய்களால் வரும் பேச்சுக் குறைகளைக் காதால் கேட்டே வகைப்படுத்தியபோது, இந்தப் பேச்சைத் தனி வகையாகக் குறித்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், நோயாளியின் காதுக்குத் தன் குரல் வழமைபோலவே கேட்கும் என்பது. அவர் தன் அளவுகோலால்தான் தன்னையும் அளக்கிறார். அம்மாவைக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பிய கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை.

1987இல் அமெரிக்காவின் அரிசோனாவில் லொரெய்ன் ரமிக் என்ற அம்மையார் தம் சகாவோடு சேர்ந்து இதற்கு ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். இந்த நோயோடு வாழ்ந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. வாரத்தில் 4 நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், 4 வாரங்கள், மொத்தம் 16 வகுப்புகள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல், சத்தமாகக் கதை என்ற ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளப் பழக்குவார்கள். தானாக நடக்காததை நினைத்துச் செய்ய வைப்பதுதான் சூட்சுமம். நடக்கும்போது கால் நிலத்தில் ஒட்டினதுபோல நின்றுவிட்டால், நிலத்தில் ஒட்டிய நிறக் கோட்டைத் தாண்டு என்று சொன்னவுடன் கால் எழும்புவதும் இதே வழிதான். நாங்களும் குளியலறை வாசலில் மஞ்சள் ரேப் ஒட்டினோம்.

2006 வசந்த காலத்தில் அப்பா இந்த வகுப்புக்குப் போனார். நான் மொழிபெயர்க்க அருகில் இருந்தேன். முதல் நாள் அவருடைய குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது என்ரை குரலே?" என்று கேட்டார். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. அது பரவாயில்லை, எனக்கு வேண்டியது சத்தந்தான், அவர் தன் பாஷையில் கதைக்கட்டும் என்றார். மூச்சு முட்ட "ஆ" என்று நீட்டவேண்டும். பிறகு தினமும் சொல்லுகிற பத்து வசனங்களைத் தாமே தெரிவு செய்யவேண்டும். "தேத்தண்ணி ஊத்தியாச்சோ?" "கதவைப் பூட்டினியளோ?" "ஆரது ரெலிபோனிலை?" என்று ஒன்பது வசனம் வந்தது. பத்தாவதாகத் தங்கையின் வீட்டுப் பெயரை எழுதச் சொன்னார். அது வசனம் இல்லையே என்றேன். "கூப்பிடவேணும்" என்றார்.

நோயின் பெயர் தெரிந்தவுடனேயே மாமிக்கு நான் விளங்கப்படுத்திச் சொல்லியிருந்தேன். மாமி நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "மூண்டு வருசமா நான் பிழையா நினைச்சுப்போட்டன் பிள்ளை" என்றா. வகுப்பு முடிந்த வாரம் அப்பா தொலைபேசியில் அவவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ரிசீவரை வாங்க வேண்டியிருக்கவில்லை.

பார்க்கின்சன் போலத் தெரிபவை

எல்லா இறுக்கமும் தளர்வும் பார்க்கின்சன் இல்லை. இதில் எங்கள் நகரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அடிக்கடி பின்பக்கமாக விழுந்து, கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாமல், பேச்சுக் குழறிய நோயாளிகளை ரொறன்ரோவில் ரிச்சட்சன், ஸ்டீல், போலந்திலிருந்து வந்த ஒல்செவ்ஸ்கி ஆகிய மூன்று வைத்தியர்கள் ஆராய்ந்து, இது வேறொரு நோய் என்று 1964இல் வெளியிட்டார்கள். எழும்பும்போது இரத்த அழுத்தம் சடுதியாக விழுந்து, சிறுநீர்க் கட்டுப்பாடும் குழம்பும் இன்னொரு நோய்க்கு 1969இல் பெயர் வைத்தார்கள். இவற்றில் விழுவதும் பேச்சுக் குழறுவதும் பார்க்கின்சனைவிட முந்தி வரும். லெவோடோபாவும் அவ்வளவாக வேலை செய்யாது.

வேறு மருந்துகளாலும் இதே தோற்றம் வரலாம். சத்திக்கும் தலைச்சுற்றுக்கும் கொடுக்கும் சில குளிசைகளும் மனநோய்க்கான சில மருந்துகளும் டோப்பமினின் வேலையைத் தடுப்பவை. வைத்தியரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், ஊரிலிருந்து கொண்டுவந்தவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குரல் இறங்குவது, முகத்தில் உணர்ச்சி குறைவது, எழுத்துச் சிறுப்பது, நடக்கும்போது ஒரு கை வீசாதது, பொத்தான் போட நேரமெடுப்பது, மணம் தெரியாமற் போவது, நித்திரையில் கனவோடு சேர்ந்து கைகாலை அடிப்பது. இவற்றில் ஒன்றிரண்டு பல காரணங்களால் வரலாம். சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறினால் கட்டாயம் சொல்லுங்கள். உணவு சுவாசப்பைக்குள் போய் நிமோனியாக் காய்ச்சல் வருவது இந்த நோயில் பெரிய ஆபத்து.

மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் மூத்தவர்களுக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் போரையே காரணமாக வைத்துவிட்டால், மருந்து உள்ள ஒரு நோய்க்கு மருந்து கிடைக்காமற் போய்விடும்.

அப்பா 2013இல் காலமானார். அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனபோது, மாமி ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து தந்தா. அப்பா கனடாவிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் திகதி வரிசையாக உள்ளே இருந்தன. 1998ஆம் ஆண்டுக் கடிதத்தில் சங்கக்கடைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போன்ற பெரிய, வட்டமான எழுத்து. 2000இல் கொஞ்சம் சிறிது. 2003இல் வரியின் தொடக்கத்தில் தெரிகிற எழுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. மாமி அந்தக் கடைசிக் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்திருக்கிறா. அதில் காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிணற்றடி வாழை குலை போட்டதோ என்று கேட்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ எழுதிய பழைய கடிதங்கள் இருக்கும். ஒருமுறை எடுத்து, இன்றைக்கு அவர்கள் எழுதுகிற எழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களோடு இருந்து கதையுங்கள். கேட்கவில்லை என்றால் ஏன் கேட்கவில்லை என்று விசாரியுங்கள்.